எஃப்-150 ஸ்பார்க் பிளக்: அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள்

கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "2006 மாடல் ஃபோர்ட் எஃப்-150 பிக்கப், 5.4 லிட்டர் வி8 என்ஜின். பழைய வண்டியாக வாங்கினேன். 1,70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பிளக் மாற்றியதற்கான பில் எதுவும் இல்லை. டிரெய்லர் இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது உதறுகிறது, செக் என்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிகிறது. ஸ்கேனரில் பி0304 என்று வருகிறது. பிளக்கை நானே கழற்றிப் பார்த்து, மோசமாக இருந்தால் மாற்றலாமா?"

நீங்களே மாற்றலாம். ஆனால் சும்மா பார்ப்பதற்காகக் கழற்றாதீர்கள். வேறு பெட்ரோல் வண்டியாக இருந்தால் முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். இந்த என்ஜினில் கழற்றும் வேலைதான் ஆபத்தானது.

2004 முதல் 2008 தொடக்கம் வரை வந்த, சிலிண்டருக்கு 3 வால்வு உள்ள 5.4 டிரைட்டன் என்ஜின் இது. கம்பெனியில் பொருத்தி வந்த பிளக், இரண்டு துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. மரைக்குக் கீழே நீளமான மெல்லிய குழல் ஒன்று ஹெட்டுக்குள் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம்) இறங்கி நிற்கும். அந்தக் குழலைச் சுற்றிக் கரி படிந்து, நாளாக நாளாக இறுகிவிடும். பிளக்கைத் திருகினால் மேல் பாகம் சுழலும், குழல் ஹெட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். சேர்த்த இடம் விட்டுப்போய் பிளக் இரண்டாகும். இது எவ்வளவு பரவலாக நடந்தது என்றால், எப்படிக் கழற்ற வேண்டும் என்று ஃபோர்டே தன் மெக்கானிக்குகளுக்குத் தனியாகச் செயல்முறைக் குறிப்பு வெளியிட்டது.

அதனால் முதலில், பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலைப் பாருங்கள். பி0304 என்றால் 4-ஆம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அங்கே பெட்ரோல் ஒழுங்காகப் பற்றவில்லை. பயணி பக்கம் முன்னாலிருந்து பின்னால் 1, 2, 3, 4. ஓட்டுநர் பக்கம் 5, 6, 7, 8. ஆக, உங்களுடையது பயணி பக்கக் கடைசி. ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே தனிக் காயில் இருக்கிறது, ஒரு 7 மில்லிமீட்டர் போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். 4-இல் இருப்பதை 2-க்கும் 2-இல் இருப்பதை 4-க்கும் மாற்றி, ஸ்கேனரில் அந்தப் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு, அதே மாதிரி பாரம் கொடுத்து ஓட்டுங்கள். பி0302 என்று வந்தால் கோளாறு காயிலில். பி0304-ஆகவே நின்றால் பிளக்மேல் சந்தேகம் வலுக்கும். காயிலை எடுக்கும்போதே குழிக்குள் தண்ணீர் நிற்கிறதா, காயிலின் ரப்பர் உறை வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இந்தச் சோதனையின்போதும் சரி, மற்ற நேரத்திலும் சரி, விளக்கு விட்டு விட்டு எரியத் தொடங்கியதும் பாரம் இழுப்பதை நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அதன் விலை எட்டு பிளக்கின் விலையைவிட மிக அதிகம்.

காயில்தான் காரணம் என்று தெரிந்தாலும் பிளக்கையும் மாற்றிவிடுங்கள். ஃபோர்டு சொல்லும் கணக்கு 1,00,000 மைல், அதாவது சுமார் 1,60,000 கிலோமீட்டர். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். என் கருத்தில் இந்த என்ஜினுக்கு 60,000 மைலிலேயே மாற்றுவது நல்லது, ஏனென்றால் கரி படியப் படியக் கழற்றுவதும் கடினமாகிறது. மாற்றுவதென்றால் எட்டையும் மாற்றுங்கள்.

சரி, எப்படிக் கழற்றுவது? வண்டியை இரவு முழுக்க நிறுத்தி, என்ஜின் நன்றாக ஆறட்டும். சூடாக இருக்கும்போது கழற்றுவதே மேல் என்று சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு, ஆனால் ஃபோர்டின் குறிப்பு குளிர்ந்த என்ஜினைத்தான் சொல்கிறது; நானும் அதையே சொல்வேன். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, குழிகளில் உள்ள தூசியைக் காற்றடித்து வெளியேற்றுங்கள். சாக்கெட் 9/16 அங்குலம் வேண்டும், வழக்கமான 5/8 இதற்குச் சேராது.

முதலில் எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் சுற்று வரை மட்டும் தளர்த்துங்கள். அதற்கு மேல் ஒரு இழை கூட வேண்டாம். பிறகு குழியில் கார்புரேட்டர் கிளீனர் விடுங்கள், பிளக்கின் அறுகோணத்துக்குச் சற்று மேலே நின்றால் போதும், அரை முதல் ஒரு டீஸ்பூன் வரும். அதிகம் விட்டால் சிலிண்டருக்குள் இறங்கித் தேங்கும். குறைந்தது 15 நிமிடம் ஊற வேண்டும். ஒரு இரவு ஊறினாலும் நல்லதுதான். ஊறிய பிறகு, சிறிது தளர்த்தி, மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று முன்னும் பின்னுமாக ஆட்டி எடுங்கள். கீச்சென்ற சத்தம் வரும், பயப்பட வேண்டாம். திருகுவது கனமாகத் தெரிந்தால் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் கிளீனர் விட்டுக் காத்திருங்கள். இம்பாக்ட் கன்னைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

உடைந்துவிட்டால் சுத்தியலாலோ ஸ்க்ரூடிரைவராலோ நோண்டாதீர்கள், ஸ்டார்ட்டும் செய்யாதீர்கள். இந்த என்ஜினுக்காகவே லைல் (Lisle) கம்பெனி 65600 என்ற கருவியைச் செய்கிறது. குழலுக்குள் இருக்கும் பீங்கானைக் கீழே தள்ளி, குழலில் மரை வெட்டி, குழலை மேலே இழுத்து எடுக்கும் அமைப்பு அது. வேலையைத் தொடங்கும் முன்பே அதை யாரிடம் இரவல் வாங்கலாம் என்று விசாரித்து வையுங்கள்.

எடுத்த பிளக்குகளைச் சிலிண்டர் வரிசையில் வைத்துப் பாருங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எரிப்பு சரி. காய்ந்த கருப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது அந்தச் சிலிண்டர் ஒழுங்காகப் பற்றவில்லை. எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருந்தால் உள்ளே எண்ணெய் வருகிறது, அதைப் புதுப் பிளக் தீர்க்காது. வெள்ளையாக வெந்திருந்தால் அந்தச் சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடாகிறது.

புதிதாகப் போடும்போது சாம்பியன் செய்யும் ஒரே துண்டு பிளக்கையும் யோசியுங்கள். அடுத்த முறை உடையும் வாய்ப்பு குறையும். ஃபோர்டின் மோட்டார்கிராஃப்ட் பிளக்கே போடுவதானால் அந்த நீளக் குழலின் வெளிப்புறத்தில் நிக்கல் ஆன்டி-சீஸ் (இறுகிப் பிடிக்காமல் காக்கும் பசை) மெல்லிசாகப் பூசுங்கள். முனையிலும் மரையிலும் படக் கூடாது. கையால் மரை ஏற்றி, டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) 34 நியூட்டன் மீட்டர் வையுங்கள். காயிலின் ரப்பர் உறைக்குள் கொஞ்சம் டைஎலெக்ட்ரிக் (மின்சாரம் கடத்தாத) கிரீஸ் தடவுங்கள். கிளீனர் உள்ளே இறங்கியிருக்கலாம் என்று தோன்றினால், பிளக் போடும் முன்பே மெல்லிய குழாயால் அதை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் என்ஜின் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். முதல் ஸ்டார்ட்டில் கொஞ்ச நேரம் புகை வந்தால் அது மிச்சமிருந்த கிளீனர் எரிவதுதான்.