ஒரே டெஸ்ட், இரண்டு ஜாங்கோ

கேள்வி: நான் எழுதும் பைத்தான் பேக்கேஜ், இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவின் 4.2-இலும் 5.2-இலும் ஓட வேண்டும். ஒன்றை நீக்கி இன்னொன்றை நிறுவி, டெஸ்ட்டுகளை மறுபடி ஓட்டியே பாதி நாள் போய்விடுகிறது. வேறு வழி உண்டா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஒரே சட்டியைக் கழுவிக் கழுவி சாம்பாரும் பாயசமும் வைக்கிறீர்கள். என்றாவது பாயசத்தில் பெருங்காயம் மணக்கும்.

டாக்ஸ் என்ற கருவி, ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனி விர்ச்சுவல் என்வைரன்மென்ட் (மற்றதோடு கலக்காத தனிச் சட்டி) உருவாக்கி, அதே டெஸ்ட்டுகளை ஒவ்வொன்றிலும் ஓட்டும். பைத்தான் 3.9, 3.12, ஜாங்கோ 4.2, 5.2. பெருக்கினால் நான்கு. ஆனால் ஜாங்கோ 5.2-க்குப் பைத்தான் 3.10-ஆவது வேண்டும், அதனால் மூன்றுதான். டெஸ்ட் தொடங்கும்போது ஜாங்கோ வெர்ஷனை அச்சிடச் சொல்லுங்கள். மூன்றிலும் 4.2-ஏ ஓடிக்கொண்டிருக்க, டெஸ்ட் தேறியதைக் காட்டும் பச்சையைப் பார்த்து நான் மகிழ்ந்த நாட்கள் உண்டு.

வெர்ஷனோடு அமைப்புகளையும் கவனியுங்கள். பால் கொள்முதல் நிலையம் ஒன்றுக்கு நான் எழுதிய பேக்கேஜில் ‘இன்றைய வரவு’ என்று ஒரு டெஸ்ட். பகலில் எங்கும் பச்சை. ஒருநாள் விடியற்காலை நாலரைக்கு ஓட்டினேன், 5.2-இல் மட்டும் சிவப்பு. பால் ஊற்ற ஆட்கள் வரும் நேரமே அதுதான்! அன்றைய பால் முழுவதும் முந்தைய நாள் கணக்கில் ஏறியிருந்தது.

காரணம், நேர மண்டலங்களைக் கணக்கில் கொள்வதா என்று சொல்லும் யூஸ்-டிஇசட் என்ற அமைப்பு. டெஸ்ட்டுக்காக நான் வைத்திருந்த சின்ன செட்டிங்ஸ் கோப்பில் அந்த வரியே இல்லை. எழுதாமல் விட்டால் 4.2-இல் அது ஃபால்ஸ் (இல்லை), 5.0 முதல் ட்ரூ (ஆம்). ட்ரூ என்றால் இப்போதைய நேரத்தைக் கேட்கும் ஜாங்கோவின் டைம்சோன்.நவ், யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைத் தரும். நம் நாலரை மணி அங்கே முந்தைய இரவு பதினொன்று. அதிலிருந்து நேராகத் தேதியை எடுத்தால் நேற்றுதான் வரும். இந்தியாவில் காலை 5.30 வரை இந்தக் கூத்து.

கோப்பில் ட்ரூ என்று வெளிப்படையாக எழுதினேன், தேதியை, உள்ளூர் தேதி தரும் லோக்கல்டேட் வழியாக எடுத்தேன், சரியானது. அப்புறம் டெஸ்ட்டுக்குள் கடிகாரத்தையும் நாலரையில் நிறுத்தி வைத்துவிட்டேன். இப்போது மதியம் ஓட்டினாலும் அந்தப் பிழை மாட்டும். அதற்காக யாரும் விழித்திருக்க வேண்டியதில்லை.