வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் புதுக் கோபுரம்: கேள்வி பதில்

மணி: லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் 2018இல் வெஸ்டன் கோபுரம் கட்டினார்களே, ஏன்? உள்ளேயே படி வைத்திருக்கலாமே?

தரையிலிருந்து 16 மீட்டர் உயரத்தில் ஒரு பழைய மேல்மாடம் இருக்கிறது. பல நூற்றாண்டாகத் தட்டுமுட்டுச் சாமான்கள் கிடந்த இடம். அதைக் காட்சிக்கூடமாக்க முடிவானது. ஏறிப்போக இருந்ததோ ஒடுங்கிய சுழல் படிதான். உள்ளே லிஃப்ட் வைத்தால் பழைய கல்வேலையை உடைக்க வேண்டும். அதனால் கட்டடக் கலைஞர் டாலமி டீன், அபேயின் ஒரு பகுதியான ஏழாம் ஹென்றி சிற்றாலயத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மூலையில் 30 மீட்டர் கோபுரத்தைச் செருகினார். ஒரு சதுரத்தின் மேல் இன்னொன்றைத் திருப்பி வைத்தால் நட்சத்திரம் வரும். கோபுரத்தின் தரைப்படம் அதுதான். சிற்றாலயத்தின் சுவரும் இப்படித்தான் மடிந்து மடிந்து போகும். படத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், அந்த உறவு நேரில்தான் தெரியும்.

செல்வி: லிஃப்ட் உண்டா?

உண்டு.

ஜோசப்: ஐயா, இது போலி கோதிக், அதாவது இடைக்கால ஐரோப்பியத் தேவாலயப் பாணியின் நகல். கண்ணாடியும் எஃகுமாகத் துணிந்து கட்டியிருக்க வேண்டும்.

ஒப்புக்கொள்ள மாட்டேன். கட்டடக் கலைஞர் ஹாக்ஸ்மூர் வரைந்து 1745இல் முடிந்த அபேயின் மேற்குக் கோபுரங்களும் கோதிக்தான், அவர் காலமோ கோதிக் காலம் இல்லை. அவற்றுக்குப் பிறகு அபேயில் சேர்ந்த பெரிய கட்டுமானம் இதுதான். ஈயம், ஓக் மரம், கண்ணாடி, கல் எல்லாம் பழைய பொருள்கள். சேர்த்த விதம் புதிது. லிஃப்ட் ஏறியிறங்கும் கூண்டின் வெளிச்சுவரில் பட்டை பட்டையாகக் கற்கள் பதித்திருக்கிறார்கள். அபேயில் நூற்றாண்டுகளாகப் பயன்பட்ட கல்வகைகள்தான் அவை. படியேறும்போது ஒவ்வொரு பட்டையும் கைக்கெட்டும் தூரத்தில் நிறம் மாறும். இதைப் போலி என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஜோசப்: படத்தில் அப்படித் தெரியவில்லையே?

மேலே சொன்னேனே, படத்தை வைத்துப் பேசாதீர்கள்.

ராணி: லிஃப்ட் இருக்கிறதா? டிக்கெட் எவ்வளவு?

லிஃப்டுக்குப் பதில் மேலே இருக்கிறது. டிக்கெட் விலையை அபே நிர்வாகத்திடம் கேளுங்கள்.

அருள்: பழைய தேவாலயத்தோடு புதிதாகக் கட்டிச் சேர்ப்பவர்கள் எல்லாரும் கல்லைத்தான் தேட வேண்டுமா?

நல்ல கேள்வி. தேவையில்லை. இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் தேவாலயத்தைப் பாருங்கள். அங்கே நார்மன் ஆட்சிக்காலக் கோபுரமே பழைய ரோமானிய நகரமான வெருலேமியத்தின் செங்கற்களால் எழுந்தது. 1982இல் கட்டடக் கலைஞர் வில்லியம் விட்ஃபீல்ட் புதுச் சபைக்கூடம் கட்டியபோது செங்கல்லைத்தான் எடுத்தார். அங்கே கல்லை அடுக்கியிருந்தால்தான் ஒட்டாமல் நின்றிருக்கும்.