ஈக்வலைசர் முன்னாலா, பின்னாலா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒலியின் தாழ்ந்த, நடு, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஏழு ஸ்லைடர்கள் கொண்ட ஈக்வலைசர் பெடல் ஒன்று வாங்கியிருக்கிறேன். கிட்டாரை அடுத்து அது. அதன்பின் கரகரப்பூட்டும் டிஸ்டார்ஷன், எதிரொலி தரும் டிலே, ஒலியைப் பெருக்கும் ஆம்ப். தனி வாசிப்பு எடுப்பாகக் கேட்கட்டும் என்று ஈக்வலைசரின் லெவலை ஏற்றினால் கரகரப்புதான் கூடுகிறது, சத்தம் கூடவில்லை. பெடலில் கோளாறா? அதை எங்கே வைப்பதுதான் சரி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கோளாறு எதுவும் இல்லை. டிஸ்டார்ஷன் அலையின் உச்சிகளை ஒரு மட்டத்துக்கு மேல் விடாமல் நறுக்கிவிடுகிறது. உள்ளே எவ்வளவு தள்ளினாலும் வெளியே வரும் உயரம் ஏறக்குறைய அதேதான், நறுக்கப்படுவதுதான் அதிகமாகும். ஆகவே ஈக்வலைசரை டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் நகர்த்துங்கள். 800 ஹெர்ட்ஸ் ஸ்லைடரைச் சற்று உயர்த்தி, லெவலை மூன்று நான்கு டெசிபல் ஏற்றினாலே வாசிப்பு முன்னுக்கு வந்துவிடும். கரகரப்பு ஆம்ப்பின் முதல் கட்டமான ப்ரீஆம்பிலிருந்து வருகிறது என்றால் பெடல் போக வேண்டிய இடம் எஃபெக்ட்ஸ் லூப், அதாவது ப்ரீஆம்புக்குப் பின்னால் பெடல்களைச் செருகும் இணைப்பு.

அதற்காக முன்னால் வைப்பது தவறு என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பிடித்த இடமே அதுதான். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்தக் கனத்த அலை டிஸ்டார்ஷனுக்குள் நுழையும்போது மற்றக் கம்பிகளின் ஒலியையும் தன்னோடு சேர்த்துக் குழப்பிவிடும். பல சுரங்களை ஒருசேர மீட்டும் கார்டு வாசித்தால் ஒரே கூழாகக் கேட்பது இதனால்தான். 100, 200 ஹெர்ட்ஸ் ஸ்லைடர்களை முன்கூட்டியே இறக்கிவிட்டால் சுரங்கள் பிரிந்து கேட்கும். அதே இறக்கத்தைப் பின்னால் செய்து பாருங்கள்: ஒலி மெலியும், தெளியாது. கலந்துபோனதை எந்த ஸ்லைடராலும் பிரிக்க முடியாது.

ஒரு விதிவிலக்கு. டிஸ்டார்ஷனின் முரட்டு வகையான ஃபஸ் பெடல்களில் பழைய பாணியிலானவை பலவற்றுக்கு, கம்பி அதிர்வை மின்னலையாக்கும் கிட்டார் பிக்கப்போடு நேரடித் தொடர்பு வேண்டும். இடையில் ஈக்வலைசர் புகுந்தால் அவை கீச்சிடத் தொடங்கும்.

பின்னால் வைக்கும்போது 6.4 கிலோஹெர்ட்ஸ் ஸ்லைடரில் கை வைக்காதீர்கள். டிஸ்டார்ஷன் கிளப்பும் இரைச்சலும் சேர்ந்தே ஏறும். கிட்டார் ஸ்பீக்கரோ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் பேசுவதில்லை.

டிலேவுக்கு முன்னா பின்னா என்று பலர் மல்லுக்கட்டுகிறார்கள். வீண் சண்டை. இரண்டுமே அலையை நறுக்காதவை என்பதால் இடம் மாறினாலும் ஒலி அநேகமாக மாறாது. வேறுபாடு காலால் அழுத்தும் நொடியில்தான் தெரியும்: ஈக்வலைசர் கடைசியில் இருந்தால், அதை அணைத்ததும் தேய்ந்துகொண்டிருக்கும் எதிரொலிகளும் சட்டென்று நிறம் மாறும். அதனால் உங்களுக்கு நான் சொல்லும் இடம் டிஸ்டார்ஷனுக்கும் டிலேவுக்கும் நடுவில்.