கழுவிவிட்டுத்தான் மெஷினில் வைக்க வேண்டுமா?

கேள்வி: எல்லாப் பாத்திரங்களையும் ஒருமுறை கழுவிவிட்டுத்தான் டிஷ்வாஷரில் வைக்கிறேன். அப்படியும் குழம்புக் கிண்ணங்களில் பிசுக்கு போகவில்லை. டம்ளர்களில் வெள்ளைப் படலம் வேறு. அலுமினிய வாணலியை உள்ளே வைக்கலாமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: அந்த இரட்டை வேலையை இன்றே விட்டுவிடுங்கள், அம்மா. பருக்கை, கறிவேப்பிலை, முருங்கைச் சக்கையை வழித்துக் குப்பையில் போட்டால் போதும். ஒட்டியிருக்கும் மாவையும் பருப்பையும் கரைக்கத்தான் டிடர்ஜென்ட்டில் என்சைம் இருக்கிறது.

இந்த மெஷின் எதையும் தேய்ப்பதில்லை. 1886-ல் அமெரிக்காவில் ஜோசபின் காக்ரேன் காப்புரிமை பெற்ற இயந்திரத்திலேயே தண்ணீரின் வேகம்தான் அழுக்கை எடுத்தது. இன்றும் அப்படித்தான், சுழலும் கைகளிலிருந்து சுடுதண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. அதனால் ஒவ்வொரு பாத்திரத்தையும் வைக்கும்போது, அதன் அழுக்கான பக்கத்தில் தண்ணீர் படுமா என்று மட்டும் பாருங்கள்.

நம் வீட்டுப் பாத்திரங்களில் சிக்கல் இங்கேதான். கிண்ணத்துக்குள் கிண்ணம், டவராவுக்குள் டவரா என்று அடுக்கிப் பழகிவிட்டோம். மெஷினில் அது கூடாது. ஒவ்வொன்றையும் தனியாக, வாய் கீழே பார்க்க, கொஞ்சம் சாய்த்து வையுங்கள்; மேலே அழுக்குத் தண்ணீர் தேங்காது. குழம்புக் கிண்ணங்கள் கீழ்த்தட்டில், டம்ளரும் பிளாஸ்டிக்கும் மேல்தட்டில். இட்லித் தட்டுகளைத் தண்டிலிருந்து கழற்றி, இடைவெளி விட்டு நிறுத்தி வையுங்கள். குழிக்கரண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் கூடாது.

கதவை மூடுமுன் அந்தச் சுழலும் கைகளை விரலால் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். ஜல்லிக்கரண்டியின் காம்பு கீழே நீட்டிக்கொண்டு தடுத்தால் கை சுற்றாது. பாதிப் பாத்திரம் பிசுக்கோடுதான் வெளியே வரும். உங்கள் வீட்டில் இதுவும் நடக்கலாம். அடியில் இருக்கும் ஃபில்டரையும் கழற்றிப் பாருங்கள், கடுகும் மிளகாய் விதையும் அங்கேதான் சேரும்.

வெள்ளைப் படலம் பெரும்பாலும் சுண்ணாம்பு அதிகமுள்ள கடினத் தண்ணீரால் வருவது. போர் தண்ணீர் என்றால், அந்தக் கடினத்தைக் குறைக்க மெஷினில் போடும் தனி உப்பு தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சமையல் உப்பு வேண்டவே வேண்டாம். தண்ணீரின் கடினத்துக்கு ஏற்ற அளவை மெஷினிலேயே மாற்றலாம், கையேட்டில் வழி இருக்கும்.

அலுமினிய வாணலி? வைக்காதீர்கள், டிடர்ஜென்ட்டின் காரத்தில் கறுத்துவிடும். இரும்பு தோசைக்கல்லும் வேண்டாம். எண்ணெய் ஏறிப் பழகிய பதம் போய்த் துருப்பிடிக்கும். சாதாரண எவர்சில்வர் பாத்திரங்களைத் தாராளமாக வையுங்கள்.