பாஸ் மீன் பிடிக்க 250 டாலருக்குள் எந்தத் தூண்டில் கோலை வாங்கலாம்?

டல்லாஸுக்குக் குடிவந்திருப்பதாகவும், டெக்சாஸின் ஃபோர்க் ஏரியில் பாஸ் என்ற நன்னீர் மீன் பிடிக்க நல்ல கோல் ஒன்று தேவைப்படுவதாகவும், கடையில் 60 டாலரிலிருந்து 600 டாலர் வரை விற்கும் எல்லாக் கோல்களிலும் ‘உணர்திறன் மிக்கது’ என்றே எழுதியிருப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். நரம்பைச் சுற்றும் ரீல் ஏற்கெனவே இருக்கிறது, கோலுக்கு 250 டாலர் ஒதுக்கியிருக்கிறேன் என்றும் சொல்லியிருப்பதால், கோலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

விலையைப் பார்ப்பதற்கு முன், எந்த இரையை வீசப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஏரியின் அடியைத் தொட்டு நகரும் ஜிக் (கனமான தலையுள்ள முள்), டெக்சாஸ் ரிக் (குண்டும் பிளாஸ்டிக் புழுவும் கோத்த முள்) போன்றவற்றுக்கு உணர்திறன்தான், அதாவது இரையில் படும் சிறு அசைவையும் கைக்குச் சொல்லும் திறன்தான் உயிர். நீரின் நடுவே இழுத்துக்கொண்டே வரும் கிராங்க்பெயிட் (மீன் வடிவக் கடினச் செயற்கை இரை) போன்றவற்றுக்கு அது பெரிதாகத் தேவைப்படாது. சில வேளைகளில் தொல்லையாகவும் முடியும்.

ஃபோர்க் ஏரியில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். 1980இல் அணையை மூடி நீரைத் தேக்கியபோது காட்டு மரங்களில் பெரும்பகுதியை வெட்டாமல் விட்டுவிட்டதால், ஏரியின் அடியில் இன்றும் மரக்கட்டைகளும் கிளைகளும் நிறைந்திருக்கின்றன. பிளாஸ்டிக் புழுவை டங்ஸ்டன் குண்டுடன் அடியில் இழுத்து வரும்போது, குண்டு ஒரு கிளையின் மேல் ஏறினால் கையில் மெதுவாகக் கனம் கூடும். கிளையைத் தாண்டியதும் அந்தக் கனம் சட்டென்று விடுபடும். மீன் எடுத்தால் அப்படி இருக்காது. பாஸ் மீன் பெரும்பாலும் இரையைக் கடித்து இழுப்பதில்லை. வாயைத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது, சந்தேகம் வந்தால் உடனே துப்பிவிடுகிறது. நம் கைக்கு வருவது ஒரு சிறு ‘டக்’ மட்டுமே; சில நேரம் அதுவும் இல்லாமல், இருந்த கனம் காணாமல் போனது போல தூண்டில் நரம்பு தளர்ந்துவிடும். அந்தக் கணத்தைக் கோல் சொல்லாவிட்டால், மீன் வந்து போனதே தெரியாது.

இதைக் கோல் எப்படிச் சொல்கிறது என்றால், எடைக்கு ஏற்ற விறைப்பால். குறைந்த எடையில் அதிக விறைப்புத் தரும் கார்பன் இழையில் செய்த கோல் சிறு அதிர்வையும் விழுங்காமல் கைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. கண்ணாடி இழை கலந்த கோல் அதில் ஒரு பகுதியைத் தானே வாங்கிக்கொள்கிறது. ஆனால் கோலின் மேல் அச்சிட்டிருக்கும் ஐஎம்6, ஐஎம்7, ஐஎம்8 என்ற எண்களை வைத்து ஒரு நிறுவனத்தின் கோலை இன்னொரு நிறுவனத்தின் கோலோடு ஒப்பிடாதீர்கள். அவை ஹெக்ஸெல் நிறுவனம் தன் இழைகளுக்கு வைத்த வணிகப் பெயர்கள். தொழில் முழுவதற்குமான தர அளவுகோல் அல்ல. விறைப்பு கூடிய இழை எளிதில் நொறுங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். வீசும்போது டங்ஸ்டன் குண்டு கோலில் ஒருமுறை பலமாக மோதினால் போதும், அந்த இடத்தில் பிறகு ஒருநாள் கோல் முறியும்.

கோலுக்குக் கொடுக்கும் பணம் பொருந்தாத நரம்பால் வீணாவதும் உண்டு. ஃப்ளோரோகார்பன் நரம்பு நீரைவிட அடர்த்தியானது, மூழ்கும். சற்றுத் தளர்ந்திருக்கும்போதும் ஓரளவு செய்தி சொல்லும். பின்னல் நரம்பு இழுத்துப் பிடித்திருக்கும்வரை எல்லாவற்றையும்விடத் துல்லியமானது, ஆனால் மிதக்கும் தன்மையுள்ளதால் தளர்ந்தால் ஊமையாகிவிடும். மலிவான நைலான் நரம்பை 500 டாலர் கோலில் மாட்டுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அடுத்தது சமநிலை. இதை வசதி சார்ந்த விஷயமாக மட்டும் பலர் பார்க்கிறார்கள். உணர்திறனில் பாதி இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அடியில் இழுக்கும் இரைக்குக் கோலின் நுனியை மேலே தூக்கிப் பிடித்தபடியே நாள் முழுக்க நிற்க வேண்டும். நுனி கனமாக இருந்தால் மதியத்திற்குள் மணிக்கட்டு சலித்து, பிடியை நாம் அறியாமலே இறுக்கத் தொடங்குவோம். இறுகிய கையில் அந்தச் சிறு ‘டக்’ வந்து சேராது. ஏழு அடிக் கோலின் நுனியில் சில கிராம் கூடினாலும் கைக்கு அது பல மடங்காகத் தெரியும் என்பதால்தான், விலை உயர்ந்த கோல்களில் நுனிப் பக்கத்தில் நரம்பு ஓடும் வளையங்களை அவ்வளவு சிறியதாகவும், சிலவற்றில் டைட்டேனியம் சட்டத்திலும் அமைக்கிறார்கள்.

இதைச் சோதிக்க விளம்பரம் தேவையில்லை. உங்கள் ரீலைக் கடைக்கு எடுத்துச் சென்று கோலில் மாட்டுங்கள். ரீலுக்குச் சற்று முன்னால், ஆள்காட்டி விரல் படும் இடத்தில் ஒரு விரலைக் கொடுத்துத் தூக்குங்கள். கோல் கிடையாக நின்றால் நல்லது. ஓரிரு அங்குலம் முன்னே நகர்த்திய பிறகு நின்றாலும் குறையில்லை. நான்கைந்து அங்குலம் போக வேண்டியிருந்தால் அந்தக் கோலை வைத்துவிடுங்கள். அடிமுனையில் எடை சேர்த்துச் சரிசெய்யலாம் என்று கடைக்காரர் சொல்வார். சமநிலை வரும் என்பது உண்மைதான், ஆனால் மொத்த எடையும் கூடும். ரீல் மாட்டாத வெறுங்கோலைக் கடையில் ஆட்டிப் பார்த்துத் தலையாட்டுவதால் எதுவும் தெரியாது.

விலைக்கு வருவோம். அக்லி ஸ்டிக் ஜிஎக்ஸ்2 ஏறத்தாழ 50, 60 டாலருக்குக் கிடைக்கும். கண்ணாடி இழை கலந்தது, எளிதில் முறியாது, உணர்திறன் மந்தம். 120 முதல் 200 டாலர் வரையில் டாபின்ஸ் ஃபியூரி, செயின்ட் க்ராய் மோஜோ பாஸ் போன்றவை வருகின்றன. கொடுக்கும் பணத்திற்குக் கிடைக்கும் முன்னேற்றம் மிகுதியாகத் தெரிவது இந்தப் படியில்தான். ஷிமானோ எக்ஸ்பிரைட் போன்ற 300 டாலர் பக்கத்துக் கோல்கள் எடை குறைவு, வேலைப்பாடும் நேர்த்தி. ஆனால் அடியில் இருப்பது கட்டையா மீனா என்று பிரித்தறிய இன்னும் பழகாத கைக்கு அந்தக் கூடுதல் பணம் பயன் தராது. 500 டாலரைத் தாண்டும் ஜி. லூமிஸ் என்ஆர்எக்ஸ் பிளஸ் அருமையான கோல் என்பதில் ஐயமில்லை, எனினும் 150 டாலர் கோலைவிட மூன்று மடங்கு மீன் அதில் சிக்காது. எந்த நிறுவனத்துக் கோலானாலும் உத்தரவாதம் எத்தனை ஆண்டு, முறிந்தால் மாற்றித்தரக் கட்டணம் எவ்வளவு என்பதை வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள். படகில் ஏறும் கோல் என்றாவது ஒருநாள் மிதிபடும்.

கிராங்க்பெயிட்டுக்குக் கணக்கு தலைகீழ். விறைத்த கோலில் மீன் தட்டிய உடனே நாம் வெட்டி இழுத்துவிடுவதால், மும்முனை முள் ஆழமாகப் பதியாமல் கழன்றுவிடும். வளைந்து கொடுக்கும் கலப்பு இழைக் கோல் அந்த அவசரத்தைத் தாங்கிக்கொள்ளும். கோலைத் தாழ்த்திப் பிடித்து இழுக்கும் இரை என்பதால் நுனிக் கனமும் அவ்வளவாக உறுத்தாது.

ஆகவே உங்கள் 250 டாலரை ஒரே கோலில் போட வேண்டாம். 170 டாலருக்குள் ஏழு அடி நீளம், மீடியம் ஹெவி பவர் (சற்றுக் கூடுதல் வலு), ஃபாஸ்ட் ஆக்‌ஷன் (நுனிப் பக்கம் மட்டும் வளைவது) உள்ள கார்பன் கோல் ஒன்றை மேலே சொன்ன விரல் சோதனையில் தேறியதாகப் பார்த்து வாங்குங்கள். 60 டாலருக்குக் கிராங்க்பெயிட்டுக்கான கலப்பு இழைக் கோல் ஒன்று போதும். ஒரே ரீலை இரண்டிலும் மாற்றி மாட்டிக்கொள்ளலாம். மிச்சமிருக்கும் 20 டாலருக்கு 15 பவுண்டு தாங்கும் ஃப்ளோரோகார்பன் நரம்பு வந்துவிடும்.