சொன்னால் செய்வேன்

அன்புள்ள ஐயா,

திருமணமாகி ஆறு வருடமாகிறது. மகளுக்கு ஒன்றரை வயது. முன்பெல்லாம் நள்ளிரவு தாண்டியும் பேசிக்கொண்டிருப்போம். இப்போது டயப்பர், தடுப்பூசி, காய்ச்சல் மருந்து தவிர வேறு பேச்சே இல்லை. என்னாலான உதவியெல்லாம் செய்கிறேன். எது சொன்னாலும் தட்டாமல் செய்வேன். அப்படியும் மனைவியிடம் எப்போதும் ஓர் எரிச்சல் தெரிகிறது. அன்பு குறைந்துவிட்டதா? வாரம் ஒருமுறை இருவரும் தனியாக வெளியே போனால் சரியாகும் என்கிறார் நண்பர்.

கே.

அன்புள்ள கே,

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. அலிசன் ஷாப்பிரோ, ஜான் காட்மன் ஆகியோர் புதுமணத் தம்பதிகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், தாயான பெண்களில் 67 சதவீதத்தினருக்கு மணவாழ்வின் நிறைவு குறைந்திருந்தது. அன்பு போய்விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் வேறு: ‘எது சொன்னாலும் செய்வேன்.’

சொல்வதற்கு முன் உங்கள் மனைவி என்னவெல்லாம் செய்திருப்பார் என்று பாருங்கள். தடுப்பூசியையே எடுத்துக்கொள்வோம். அடுத்த ஊசி எந்த வாரம் என்பதை நினைவில் வைத்திருக்கிறார். குழந்தைக்குச் சளி இருக்கிறதே, போடலாமா என்று விசாரித்திருக்கிறார். அட்டையைத் தேடி எடுத்திருக்கிறார். இரவு காய்ச்சல் வந்தால் கொடுக்க மருந்து மிச்சமிருக்கிறதா என்று பாட்டிலை ஆட்டிப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகுதான், ‘நாளைக்கு ஊசி, கொஞ்சம் கூட்டிட்டுப் போங்க’ என்கிறார். நீங்களும் மறுக்காமல் போய்வருகிறீர்கள், ஊசி வேலையை நீங்கள் செய்துவிட்டதாக நினைக்கிறீர்கள்.

சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 35 தம்பதிகளிடம் பேசி 2019இல் எழுதிய கட்டுரையில் இந்த மனவேலையை நான்காகப் பிரிக்கிறார்: தேவையை முன்கூட்டி அறிவது, வழி தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும்போது பெரும்பாலும் இருவரும் இருக்கிறார்கள். முதலாவதும் கடைசியும்தான் பெண்கள்மேல் அதிகம் விழுகின்றன.

‘முன்னாடியே சொல்லியிருக்கலாமே’ என்று நானும் என் மனைவியிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்வதே அவளுக்கு ஒரு வேலை என்பது புரிய எனக்கு வெகுநாள் ஆனது. அந்த வருடங்களை நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

ஏதேனும் ஒரு பொறுப்பை வேரோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஊசியும் மருத்துவரும் உங்களுடையது என்றால் தேதி, அட்டை, மருந்து, மறந்தால் வரும் பழி எல்லாம் உங்களுடையது. அவர் நினைவூட்ட வேண்டியிருக்கக் கூடாது. தொடக்கத்தில் ஏதாவது தவறும், அவரும் பதறி இழுத்துப் போட்டுக்கொள்ளப் பார்ப்பார். விட்டுவிடாதீர்கள்.

வெளியே போவது நல்லதுதான். ஆனால் குழந்தையை யாரிடம் விடுவது, எப்போது பசிக்கும், என்ன எடுத்துவைப்பது என்று அவரே யோசிக்க வேண்டியிருந்தால் அந்த மாலைப்பொழுதும் அவருக்கு வேலைதான்.

இன்னொன்று. எரிச்சலோடு அழுகையும், குழந்தை தூங்கும்போதும் தூங்க முடியாமையும் வாரக்கணக்கில் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம்.

முதலில் சொன்ன ஆய்வில் நிறைவு குறையாத பெண்களும் இருந்தார்கள். அவர்களுடைய கணவர்கள் பிரியத்தை வெளிக்காட்டியிருந்தார்கள், மனைவியின் மனதில் என்ன ஓடுகிறது என்று அறிந்தும் இருந்தார்கள். இந்த ஒன்றரை வருடத்தில் உங்கள் மனைவிக்குப் புதிதாக ஒரு பயமோ ஆசையோ வந்திருக்கும். அது என்னவென்று உங்கள் கடிதத்தில் இல்லை. இன்றிரவு மகள் தூங்கிய பிறகு அதைக் கேளுங்கள்.