அந்தக் கரகரப்பு இசைத்தட்டின் பழுதல்ல

அமெரிக்கப் பாடகர் ஜானி பர்னெட்டின் மூவர் குழுவான ராக் அண்ட் ரோல் டிரியோ பாடிய 'தி டிரெய்ன் கெப்ட் எ-ரோலின்' பாட்டை இசைத்தட்டிலிருந்து கணினியில் பதிவு செய்தபோது கிட்டார் கிழிந்தாற்போல் ஒலிக்கிறது, ஊசி கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். அருள்கூர்ந்து அந்த ஒலியை மென்பொருளால் துடைத்துவிடாதீர்கள். 1956 ஜூலையில் நாஷ்வில்லில் ஓவன் பிராட்லியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானபோதே அது அப்படித்தான் ஒலித்தது. மெம்பிஸைச் சேர்ந்த இந்த மூவரில் கிட்டார் கலைஞரான பால் பர்லிசன், தம் ஆம்ப்ளிஃபயர் கீழே விழுந்து அதிலுள்ள ஒரு வால்வு (ஒலியைப் பெருக்கும் வெற்றிடக் குழாய்) தளர்ந்ததால் அவ்வொலி பிறந்தது என்றும், பின்னர் வேண்டுமென்றே வால்வைத் தளர்த்தி அதை வரவழைத்ததாகவும் சொல்லிவந்தார். ஆனால் அப்பாட்டில் வாசித்தவர் நாஷ்வில் கலைஞர் கிரேடி மார்ட்டின் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. கிட்டார் வரலாற்றில் இவ்வளவு சுவையான வழக்கு அரிது.

உங்கள் ஐயத்தைத் தீர்க்க, இதே மூவர் நியூயார்க்கில் பதிவு செய்த 'டேர் இட் அப்' பாட்டை ஓட்டிப் பாருங்கள். அதிலும், குறிப்பாக ஜானியின் குரலிலும் கரகரப்பு கேட்டால் ஊசியையோ கணினியில் பதிவாகும் ஒலி அளவையோ சரிபார்க்க வேண்டும். 'தி டிரெய்ன்' பாட்டின் கிட்டாரில் மட்டும் கேட்டால் உங்கள் கருவியில் குறையில்லை.